பாலன் மாஷுக்கு நடந்தது – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

போன மாதம் 'நண்பகல் நேரத்து மயக்கம்' என்ற மலையாளப் படம் பார்த்தேன். ரொம்பப் பிடித்திருந்தது. திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் நண்பரிடம் சொன்னபோது, "அப்படியென்றால் 'தனியாவர்த்தனம்' பார், 'கிரீடம்' மலையாளத்திலேயே பார்" என்றார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது. 'தனியாவர்த்தன'த்தின் பாலன் மாஷும் (மாஷ் என்றால் வாத்தியார்) 'கிரீட'த்தின் சேதுவும் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கை எங்கேயோ திரும்பிவிடுகிறது, அப்புறம் சரிவுதான். எழுதியவர் வேண்டுமென்றே அவர்களை வதைப்பதாகவே பட்டது. எல்லாம் விதி என்றால், அதை இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பதில் நமக்கு என்ன இருக்கிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு சித்தப்பா இருந்தார். பின்கட்டு அறையில் வைத்திருந்தார்கள். சாப்பாட்டுத் தட்டை அறை வாசலில் வைத்துவிட்டு ஓடிவருவது என் வேலை. அவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. 'தனியாவர்த்தன'த்தின் மாடி அறையைப் பார்த்ததிலிருந்து அவர் நினைப்பாகவே இருக்கிறது.

எஸ்., நாகர்கோவில்

*

அன்புள்ள எஸ்.,

இவை விதியைப் பற்றிய படங்கள் என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. விதியை நம்பி எடுக்கப்பட்ட படங்கள் ஏராளம் உண்டு. நாயகனுக்கு லாரி மோதும், லாட்டரி விழும், பழசெல்லாம் மறந்துபோகும். அங்கே கதையைத் திருப்புவது கதாசிரியரின் கை. இந்த இரண்டு படங்களையும் எழுதிய லோகிததாஸ் அப்படி எழுதியவர் இல்லை. அவர் எழுதியதில் ஒவ்வொரு திருப்பத்துக்குப் பின்னாலும் பெயரும் முகமும் உள்ள ஒரு மனிதர் நிற்கிறார். பல சமயம் அந்த மனிதர் நாயகன்மேல் உயிரையே வைத்திருப்பவர்.

'தனியாவர்த்தன'த்தில் தானாக நடக்கிற சம்பவம் ஒன்றே ஒன்றுதான். சங்கிலியில் கட்டப்பட்டு மாடி அறையில் கிடந்த மாமா இறந்துபோகிறார். பழைய தறவாடு, அதாவது பரம்பரைக் கூட்டுக்குடும்ப வீடு. தேவியின் சாபத்தால் தலைமுறைக்கு ஓர் ஆணுக்குப் புத்தி பேதலிக்கும் என்று வீடும் நம்புகிறது, ஊரும் நம்புகிறது. மாமா போய்விட்டதால் அந்த இடம் காலியாகிறது. அடுத்தது யார் என்று எல்லார் கண்ணும் தேட ஆரம்பிக்கிறது. பாலன் மாஷ் என்கிற பாலகோபாலன் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர், மனைவி, குழந்தைகள் என்று அமைதியாக வாழ்கிறவர். தேடுகிற கண்கள் அவர்மேல் வந்து நிற்கின்றன.

இதற்கப்புறம் அந்தப் படத்தில் தானாக எதுவுமே நடப்பதில்லை. எல்லாவற்றையும் யாராவது செய்கிறார்கள். அவர் கோபப்பட்டால் அறிகுறி, பேசாமல் உட்கார்ந்தாலும் அறிகுறி. "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொன்னால் அது எல்லாவற்றையும்விடப் பெரிய அறிகுறி. பள்ளிக்கூடத்திலிருந்து விலக்கி வைக்கிறார்கள். மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். மனைவியையும் குழந்தைகளையும் அவரிடமிருந்து பிரித்து அழைத்துப் போகிறார்கள். ஒருவருக்கும் அவரைக் கெடுக்க வேண்டும் என்ற எண்ணம் கிடையாது. திலகன் நடித்த அந்தக் கண்டிப்பான பெரியவர்கூட குடும்பத்தைக் காப்பாற்றுவதாகத்தான் நினைக்கிறார். வில்லன் என்று ஒருவர் இருந்திருந்தால் நமக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

என் பார்வையில், படத்தின் உண்மையான திருப்பம் சங்கிலி மாட்டுகிற காட்சி இல்லை. அதற்கு வெகு முன்னாலேயே பாலன் மாஷ் தன்னைத்தானே கவனிக்கத் தொடங்குகிறார். இப்படிச் சிரித்தால் என்ன நினைப்பார்கள், இப்படிப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒவ்வோர் அசைவையும் தானே எடைபோடுகிறார். ஊரின் கண் அவருக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. பாலன் மாஷாக நடித்த மம்மூட்டி அப்போதே பெரிய நட்சத்திரம். அந்த இடங்களில் அவர் குரலை ஏற்றாமல் கண்ணில் மட்டும் ஒரு தயக்கத்தை வைத்து நடித்திருப்பார். இன்னொரு முறை பார்க்க மனசு வந்தால் அதைக் கவனியுங்கள்.

கடைசியில் அம்மா. அம்மாவாக நடித்த கவியூர் பொன்னம்மா சோற்றில் விஷம் கலந்து மகனுக்கு ஊட்டிவிட்டு, தானும் சாப்பிடுகிறார். எழுதியவர் வதைக்கிறார் என்று உங்களுக்குத் தோன்றியது இங்கேதான் என்று நினைக்கிறேன். வீடும் ஊரும் பள்ளியும் மருத்துவமனையும் ஒவ்வொரு வழியாக அடைத்தபிறகு அந்தத் தாய்க்குத் தெரிந்து மிஞ்சியிருந்த வழி அது ஒன்றுதான். அதை நியாயம் என்று படம் எங்கேயும் சொல்லவில்லை. அதே சமயம் அவர்மேல் மட்டும் பழிபோட்டுவிட்டு நாம் எழுந்து போகவும் விடவில்லை.

இது லோகிததாஸின் முதல் திரைக்கதை, 1987. சாலக்குடிக்காரர், நாடகத்திலிருந்து வந்தவர். இயக்குநர் சிபி மலயிலிடம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்ததே திலகன்தான். ஒரே வீட்டுக்குள் நாலைந்து பேரை வைத்து, யார் எப்போது உள்ளே வந்தால் காற்று மாறும் என்பது லோகிததாஸுக்கு நன்றாகத் தெரியும். அது நாடகம் கொடுத்த பயிற்சி என்பது என் எண்ணம். 2009இல் 54 வயதிலேயே போய்விட்டார்.

'கிரீடம்' 1989. அதே இயக்குநர், அதே எழுத்தாளர். ஹெட் கான்ஸ்டபிள் அச்சுதன் நாயருக்கு மகன் சேதுமாதவன் சப் இன்ஸ்பெக்டர் ஆகவேண்டும். ராமபுரம் சந்தையில் அப்பாவை ரவுடி கீரிக்காடன் ஜோஸ் அடிப்பதைக் கண்டு சேது குறுக்கே பாய்கிறான். ஜோஸை அடித்து வீழ்த்திவிடுகிறான். அவன் வாழ்க்கை மாறியது அந்தச் சண்டையில் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். சண்டை சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. அத்தோடு எல்லாரும் வீட்டுக்குப் போயிருந்தால் சேது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பான். ஆனால் சந்தை அவனுக்கு ரவுடிப் பட்டம் கட்டுகிறது. கொச்சின் ஹனீஃபா நடித்த ஹைத்ரோஸ் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஊரில் சுற்றுகிறான். பெண் கொடுக்க இருந்த வீடு பின்வாங்குகிறது. போலீஸ் கண்ணும் அவன்மேல் விழுகிறது. இந்தப் படத்தில் நமக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறார்கள். ஜோஸ் விழும்போது நாமும் மனசுக்குள் கைதட்டினோம், ஹைத்ரோஸைப் பார்த்துச் சிரித்தோம். சேதுவை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியவர்களில் நாமும் உண்டு என்பது தெரியவரும்போது, அவன் கையில் கத்தியோடு நிற்கிறான். அப்பா அதைக் கீழே போடச் சொல்லிக் கெஞ்சுகிறார். அப்புறம் அதே அப்பா விறைப்பாக நின்று, இவன் இந்த வேலைக்குத் தகுதியில்லாத குற்றவாளி என்று தன் மகனைப் பற்றி மேலதிகாரியிடம் சொல்கிறார். அப்பாவாக நடித்த திலகனின் அந்தக் குரலை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

ஜோஸாக நடித்த மோகன் ராஜ் நிஜத்தில் அமலாக்கத் துறை அதிகாரி. அந்தப் படத்துக்குப் பிறகு கேரளத்தில் அவரைச் சொந்தப் பெயரில் அழைத்தவர்கள் குறைவு. 2024 அக்டோபரில் அவர் இறந்தபோதும் கீரிக்காடன் ஜோஸ் என்றுதான் செய்தி வந்தது. ஒரே ஒரு வேடத்தால் ஒரு மனிதரின் பெயரே மாறிவிட்டது, பாருங்கள்.

இந்தப் படத்தை இந்தியில் பிரியதர்ஷன் 'கர்திஷ்' என்று எடுத்தார். தமிழில் 2007இல் அஜித் நடித்து வந்தது. மூலத்தைப் பார்த்துவிட்ட உங்களுக்கு அவை அவசியமில்லை. சிபி மலயில், லோகிததாஸ் கூட்டணியின் 'பரதம்' (1991) மட்டும் கட்டாயம் பாருங்கள். குடியில் மூழ்கிய பாடகர் அண்ணனின் இடத்தில் தம்பியைப் பாடச் சொல்கிறார்கள், அவனும் பாடிவிடுகிறான். அந்தக் குடும்பத்தில் அதற்கப்புறம் எதுவும் பழையபடி இல்லை. மோகன்லாலுக்குத் தேசிய விருது வாங்கிக்கொடுத்த படம்.

சரி, நீங்கள் முதலில் பார்த்த 'நண்பகல் நேரத்து மயக்க'த்துக்கு வருகிறேன். வேளாங்கண்ணியிலிருந்து நாடகக் குழுவோடு ஊர் திரும்பும் ஜேம்ஸ், வழியில் பஸ்ஸை நிறுத்தி இறங்கி, சோளக்காட்டுக்குள் நடந்து, ஒரு தமிழ்க் கிராமத்து வீட்டுக்குள் சுந்தரமாக நுழைகிறார். அந்த வீட்டு சுந்தரம் காணாமல் போய் இரண்டு வருடம் ஆகிறது. பாலன் மாஷிடம் இல்லாத 'அறிகுறி' எல்லாம் ஜேம்ஸிடம் இருக்கிறது. அந்த ஊர் நினைத்திருந்தால் அவரைக் கட்டிப் போட்டிருக்கலாம், அடித்துத் துரத்தியிருக்கலாம். கோபம் வருகிறது, சத்தம் போடுகிறார்கள், ஆனாலும் பொறுத்துக்கொள்கிறார்கள். அவரை விட்டுவிட்டுப் போகாமல் பஸ்ஸும் காத்திருக்கிறது. விசித்திரமான ஒரு மத்தியானத்தைத் தாண்டி ஜேம்ஸ் ஜேம்ஸாகவே திரும்பிப் போகிறார். லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கிய இந்தப் படத்துக்கு மாயம், மறுபிறவி என்று எத்தனையோ விளக்கங்கள் சொல்கிறார்கள். அந்த மத்தியானம் முழுக்க ஒருவரும் ஜேம்ஸுக்கு முத்திரை குத்தவில்லை என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 'தனியாவர்த்தன'த்தைப் பார்த்தபிறகு இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல முடியாது. அதனால்தான் விதி என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்ள மறுக்கிறேன்.

உங்கள் சித்தப்பா. ஓடிவந்த பிள்ளையை நான் குற்றம் சொல்ல மாட்டேன். தட்டை அங்கே வைத்துவிட்டு வரும்படி சொன்னவர்கள் பெரியவர்கள், அவர்களுக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் அந்த அறை உங்கள் வீட்டில் மட்டும் இருந்ததாக நினைக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகையில் விடிகாலையில் தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 'தனியாவர்த்தனம்' வந்து 14 வருடம் ஆகியிருந்தது. இன்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், எந்த வடிவிலும் ஒருவரைச் சங்கிலியிடக் கூடாது என்று எழுத்திலேயே தடுக்கிறது. அந்த வரி சட்டப் புத்தகத்துக்கு வந்துசேர எத்தனை பேரைப் பலிகொடுத்தோம் என்று நினைத்தால் ஆறவில்லை.

'செங்கோல்' பார்க்கலாமா என்று அடுத்து உங்கள் நண்பர் கேட்பார். சேது சிறையிலிருந்து வந்தபிறகு நடப்பதைச் சொல்லும் படம் அது. இப்போதைக்கு வேண்டாம், கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

அதற்குப் பதிலாகச் சித்தப்பாவைப் பற்றி எழுதிப் பாருங்கள். அறையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். அவர் எந்த ஊரில் படித்தார், என்ன வேலை பார்த்தார், எந்தப் பாட்டைக் கேட்டால் நின்றுவிடுவார் என்று வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் கேளுங்கள். கிடைப்பதை எனக்கு அனுப்புங்கள், படிக்கிறேன்.

அன்புடன்,
அக்கா