ஃபைபர் இணைப்பு: ஒளியை அளந்து காட்டச் சொல்லுங்கள்

கேள்வி: நாங்கள் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். மாரி தொடங்கினாலே பழைய செப்புக் கம்பி இணைப்பு இரைச்சலெடுத்து, இணையம் விட்டுவிட்டு வருகிறது. ஃபைபருக்கு மாறலாமென்றால், தொலைபேசி நிலையம் ஐந்தாறு கிலோமீற்றர் தள்ளியிருப்பதால் வேகம் குறையுமோ என்று தயங்குகிறோம். பொருத்தும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தூரத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். செப்பில் ஓடும் மின்சைகை தூரத்தோடு விரைவாக நலியும். கடற்காற்றில் மூட்டுகள் களிம்பேறி, மழைநீரும் இறங்கிவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். ஃபைபரில் செல்வதோ ஒளி. சுமார் 9 மைக்ரோமீற்றர் அகலமான கண்ணாடி உள்ளகத்தைச் சூழ்ந்துள்ள கண்ணாடியின் முறிவுச்சுட்டி (ஒளியை வளைக்கும் திறனின் அளவு) சற்றுக் குறைவாக இருப்பதால், ஒளி வெளியே கசியாமல் உள்ளேயே அடங்கிச் செல்கிறது. 1310 நனோமீற்றர் அலைநீளத்தில் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 0.35 டெசிபெல்தான் (ஒளியின் வலு எவ்வளவு குறைகிறது என்பதைச் சொல்லும் அலகு) இழப்பு. ஆறு கிலோமீற்றருக்கும் சேர்த்து இரண்டு டெசிபெல் அளவே போகும்.

வீதியிலுள்ள ஸ்பிளிட்டர் ஓர் இழையின் ஒளியை 32 வீடுகளுக்குப் பகிரும்போது 15 டெசிபெலுக்கு மேல் குறைகிறது. அதை வலையமைப்பை வடிவமைக்கும்போதே கணக்கில் எடுத்துவிடுவார்கள். தூசு படிந்த இணைப்பியும், சுவர் மூலையில் இறுக்கி மடித்த கேபிளும்தான் எதிர்பாராமல் ஒளியைத் தின்பவை. மூன்று டெசிபெல் போனாலே ஒளி பாதியாகிவிடும் என்பதால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஜி.657.ஏ2 தரத்து இழை 7.5 மில்லிமீற்றர் ஆரை வரையான வளைவைத் தாங்கும், பழைய ஜி.652 வகைக்கு 30 மில்லிமீற்றராவது வேண்டும். எந்த வகையென்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பொருத்த வருபவரிடம் ஒளியின் வலுவை அளக்கும் பவர் மீற்றர் இருக்கும். கேபிள் வீட்டுக்குள் முடியும் இடத்தில் அளந்து காட்டச் சொல்லுங்கள். வீடுகளில் வழக்கமாக வைக்கும், ஃபைபர் ஒளியை இணையச் சைகையாக மாற்றும் ஜிபொன் பெட்டிகளுக்கு மைனஸ் 27 டிபிஎம் (ஒளி வலுவின் அலகு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு) கடைசி எல்லை; மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 25ஐத் தாண்டி இறங்கியிருந்தால், இணைப்பியைத் துடைத்து வளைவைத் தளர்த்தி மீண்டும் அளக்கும்வரை கையொப்பமிட வேண்டாம். கிடைத்த அளவைப் படிவத்தில் எழுதி வாங்குங்கள். பிற்பாடு பழுதென்று முறையிடும்போது அந்த எண்தான் உங்களுக்குச் சான்று.

இன்னொன்று: செப்புக் கம்பித் தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே மின் வந்தது. ஃபைபர் பெட்டிக்கு வீட்டு மின்சாரம் தேவை. மின்வெட்டிலும் தொலைபேசி இயங்க வேண்டுமானால், அந்தப் பெட்டிக்குப் பொருந்தும் சிறிய மின்கல யுபிஎஸ் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள்.