கிறிஸ்தவ வீட்ல சின்னப் பிள்ளைங்களுக்கு வாரத்தோட ஏழு நாளையும் எப்படி சொல்லிக் குடுக்கலாம்?

நாள் பேரெல்லாம் கிரகத்துப் பேரா இருக்கே, நம்ம பிள்ளைக்கு இதைச் சொல்லிக் குடுக்கலாமான்னு தயங்கி கேட்டிருக்கீங்க. தாராளமா சொல்லிக் குடுங்க. நான் ரங்கூன்ல எங்க சபையில ஓய்வுநாள் பாடசாலை நடத்துறேன், எங்களுக்கு இங்க இந்த விஷயம் இன்னும் சிக்கல்.

பர்மாவுல பொறந்த கிழமை ரொம்ப முக்கியம், பேரே அதை வச்சுத்தான் வைப்பாங்க. இங்க இருக்குற பெரிய பௌத்தக் கோயில் ஸ்வேடகோன் பகோடாவ சுத்தி எட்டு திசையிலயும் கிழமைக்கு ஒரு மிருகம் இருக்கும், திங்களுக்குப் புலி, செவ்வாய்க்குச் சிங்கம், வியாழனுக்கு எலி, அவங்கவங்க பொறந்த கிழமைக்கு உள்ள இடத்துல நின்னு தண்ணி ஊத்துவாங்க. ஏழு நாளுக்கு எட்டு எப்படின்னா, புதன்கிழமைய மத்தியானத்தோட ரெண்டா பிரிச்சிருவாங்க, காலைக்கு தந்தம் உள்ள யானை, மத்தியானத்துக்கு மேல தந்தம் இல்லாத யானை, அது ராகு. பௌத்தர்கள நான் குறை சொல்லல, அவங்க நம்பிக்கை அவங்களுக்கு.

என் வகுப்புல ஒரு பொண்ணு, ஆறு வயசு, நாளை எண்ணச் சொன்னா எட்டுல வந்து நிக்கிறா. "சயாமா, நான் ராகுல பொறந்தவ, அது ஆகாத நாளாம்"னு உதடு துடிக்க சொல்றா (சயாமான்னா பர்மிய மொழியில டீச்சர்), அக்கம்பக்கத்துல யாரோ சொல்லியிருக்காங்க. எனக்கு மனசே கேக்கல. ஆதியாகமம் முதல் அதிகாரத்த எடுத்தேன், "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" ஒரு நாள்னுதானம்மா இருக்கு, அப்ப உன் புதன்கிழமையும் முழுசா ஒரே நாள்தான்னேன். ஞாயித்துக்கிழமையில இருந்து விரல் விட்டு எண்ணச் சொன்னேன், நாலாவது விரல் புதன். நாலாம் நாள் ஆண்டவர் என்ன படைச்சாருன்னா பின்னாடி இருந்த பையன் கத்துறான், சூரியன், சந்திரன், நட்சத்திரம்னு. பாத்தியா, அதெல்லாம் உண்டானதே உன் கிழமையிலதான், அவர் படைச்சது உன்ன என்ன செய்யும்னு கேட்டேன். உங்க தயக்கத்துக்கும் என் பதில் இதேதான்.

ஆதியாகமத்துல ரெண்டாம் நாளுக்கு "நல்லது" என்று எழுதலியே, அப்ப திங்கள் ஆகாத நாளான்னு யாராவது வருவீங்க, தெரியும், ஆறாம் நாள் முடிவுல எல்லாத்தையும் பாத்து "மிகவும் நன்றாயிருந்தது"ன்னு இருக்கு, அதையும் வாசிங்க. ஓய்வுநாள் சனிக்கிழமையா ஞாயித்துக்கிழமையாங்கிற சண்டைய பிள்ளைங்க முன்னாடி வேணாம். வாரத்தின் முதல் நாள் இயேசு உயிர்த்தெழுந்தார், அதனால கோயிலுக்குப் போறோம், அந்த வயசுக்கு இது போதும்.

வரிசை மனசுல நிக்க மன்னா கதை நல்லா உதவும், வனாந்தரத்துல இஸ்ரவேலருக்கு ஆண்டவர் குடுத்த ஆகாரம் அது, ஆறாம் நாள் ரெண்டு மடங்கு அள்ளணும், ஏழாம் நாள் ஓய்வுநாள், அன்னிக்கு கிடைக்காது. மன்னா கொத்தமல்லி விதை மாதிரி இருந்துச்சுன்னு யாத்திராகமம் 16ல இருக்கு, அதனால ஒரு தட்டுல கொத்தமல்லி விதைய பரப்பி, நாள் பேரச் சொல்லிச் சொல்லி பிள்ளைங்கள ஒவ்வொரு மூடி அள்ளச் சொல்லுவேன். வெள்ளிக்கிழமை ரெண்டு மூடி. சனிக்கிழமைக்கு தட்ட துணி போட்டு மூடிருவேன், அப்பவும் ஒருத்தன் கைய நீட்டுவான், மத்தவங்க "இன்னிக்கு இல்ல"ன்னு சத்தம் போடுவாங்க.

இதெல்லாம் வாயாலதான் நடத்தணும். 1960கள்ல தனியார் பள்ளிக்கூடங்கள அரசாங்கம் எடுத்ததுல இருந்து இங்க தமிழ் படிக்க வழி சுருங்கிப் போச்சு, எங்க பிள்ளைங்க தமிழ் பேசும், வாசிக்கத் தெணறும். ஊர்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க அதுங்க தமிழ கேட்டுட்டு சிரிக்கிறாங்க, சிரிக்கிறவங்க வரும்போது ஒரு அரிச்சுவடி புத்தகமாவது வாங்கிட்டு வரலாம்ல.

உங்க பிள்ளைக்கு நாலு வயசுக்குள்ளன்னா விதைய குடுக்காதீங்க, மூக்குல போட்டுக்கும். விரல் விட்டு எண்ணுறதே போதும்.