அழித்த கடவுச்சொல்

கேள்வி: மருதமுனைக் கைத்தறிக் கடை ஒன்றுக்கு இணையத்தளம் செய்கிறேன். டேட்டாபேஸ் கடவுச்சொல் உள்ள கோப்பை, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏற்றிவிட்டேன். பிறகு அழித்து கமிட் செய்து (மாற்றத்தைப் பதிந்து), ஏற்றக்கூடாத கோப்புகளின் பட்டியலான கிட்இக்னோரிலும் சேர்த்தேன். போதுமா, சேர்?
– வாசகர், கல்முனை

பதில்: போதாது தம்பி. மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருளான கிட், பழைய கமிட்டுகளையும் வைத்திருக்கும். வரலாற்றைத் திறந்தால் கடவுச்சொல் அப்படியே கிடக்கும். கிட்இக்னோர் இனி வருவதைத்தான் தடுக்கும். முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள், இன்றைக்கே. கிட் ஃபில்டர்-ரெப்போ என்ற கருவியால் வரலாற்றைத் துப்புரவாக்குவது அப்புறம். கூட வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லாமல் அதை ஓட்ட வேண்டாம்: கமிட் அடையாளங்கள் மாறிவிடும், அவர்களுடைய பழைய பிரதியிலிருந்து அதே கோப்பு திரும்ப ஏறவும் கூடும்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் கமிட் செய்திகள் (ஒவ்வொரு கமிட்டுடனும் எழுதும் குறிப்புகள்) பெரும்பாலும் ‘அப்டேட்’, ‘புது அப்டேட்’ தான். பிறகு பிழை எங்கே நுழைந்தது என்று எப்படித் தேடுவது?