வாசகர் கேள்விகள்: மானியக் கோரிக்கையும் அண்டி ஆபீஸ் கூலியும்

(இந்த இதழில் பதிலளிப்பவர், கன்னியாகுமரி மாவட்டத்துச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர்)

கேள்வி: எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கு ஒரு வகுப்பறையும் ஓர் ஆசிரியரும் வேண்டும். நிதிநிலை அறிக்கையில் அதைச் சேர்க்க உங்களுக்கு அதிகாரம் இல்லையா? – வாசகர், கருங்கல்

கேட்பதற்கு அதிகாரம் உண்டு, சேர்ப்பதற்கு இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 203-ஆவது பிரிவின்படி, ஒவ்வொரு துறையின் செலவுக்கும் ஒப்புதல் கேட்டு அரசு கொண்டுவரும் மானியக் கோரிக்கையைப் பேரவை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். ஒரு ரூபாய்கூடக் கூட்ட இயலாது. கடனுக்கான வட்டி போன்ற செலவுகள் வாக்கெடுப்புக்கே வருவதில்லை. ஆகவே நாங்கள் கொடுக்கும் வெட்டுத் தீர்மானம், தொகையைக் குறைக்கச் சொல்வதுபோல் எழுதப்பட்டிருந்தாலும், ஊரின் குறையை அவைக் குறிப்பில் ஏற்றி அமைச்சரிடமிருந்து பதில் பெறுவதற்கான வழியாகவே பெரும்பாலும் பயன்படுகிறது.

வகுப்பறைக்கு, ஆண்டுக்கு 3 கோடி ரூபாயாக உள்ள தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து நான் பரிந்துரைக்க முடியும். ஆசிரியரின் சம்பளத்தை அந்த நிதியிலிருந்து கொடுக்க முடியாது. அது பள்ளிக் கல்வித் துறையின் மானியக் கோரிக்கையில்தான் வர வேண்டும். 2012-இல் ஓவியம், உடற்பயிற்சி, தொழிற்கல்விக்கென 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு அமர்த்தப்பட்டார்கள். பிறகு வந்த அரசுகள் அத்தொகையைச் சிறிது சிறிதாக உயர்த்தின என்றாலும், ஒரு குடும்பம் நடத்தப் போதாத ஊதியத்தில் ஆசிரியரை வைத்துக்கொண்டு கல்வித் தரத்தைப் பேசுவது சரியல்ல என்பதே என் கருத்து. உங்கள் பள்ளியின் மாணவர் எண்ணிக்கையையும், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களின் எண்ணிக்கையையும் எழுதி அனுப்புங்கள். துறை மானியத்தின்போது அதை வைத்துப் பேசுகிறேன்.

கேள்வி: அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) பருப்புத் தோல் உரிக்கிறேன். கிலோ கணக்கில்தான் கூலி. அரசு அறிவிக்கும் குறைந்தபட்சக் கூலி என் கைக்கு வருவதில்லை. கேட்டால் ஆலையை மூடிவிடுவோம் என்கிறார்கள். – சகோதரி ஒருவர், தக்கலை அருகே

சகோதரி, முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நாள் கணக்கில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்பட்ட வேலையில், முதலாளி கிலோ கணக்கு வைத்துக் கொடுத்தாலும், உங்கள் ஒரு நாள் வருமானம் அந்தத் தொகைக்குக் கீழே போகக் கூடாது. 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அப்படித்தான் சொன்னது. அதன் இடத்தில் கொண்டுவரப்பட்ட 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. ஊதியச் சீட்டுக் கொடுப்பதும் முதலாளியின் கடமை.

நடப்பு வேறு என்பதை நானும் நேரில் கண்டிருக்கிறேன். ஓர் ஆலையில், வயது முதிர்ந்த ஓர் அம்மா சிறு கத்தியாலும் நகத்தாலும் தோலை நீக்கிக்கொண்டே, உடைந்த பருப்புகளைத் தனித் தட்டில் ஒதுக்கிக்கொண்டிருந்தார். முழுப் பருப்பு குறைந்தால் கூலியும் குறையும் என்றார். கொட்டை உடைக்கும் பிரிவில் இருந்த பெண்ணின் விரல்கள், கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுக் கறுத்து, நுனித்தோல் உரிந்திருந்தன. கூலிக்குச் சான்றாக அவர்களிடம் இருந்தது பென்சிலால் எழுதிய ஒரு நோட்டு மட்டுமே. அதில் எடை இருந்தது, வேலை செய்த மணிநேரம் இல்லை. மணிநேரம் எழுதப்படாத இடத்தில் நாள் கூலியை எந்த ஆய்வாளராலும் கணக்கிட முடியாது. ஆகவே உங்கள் நோட்டில் நீங்களே தினமும் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதிவையுங்கள்.

மூடிவிடுவோம் என்ற பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. கேரளத்தின் கொல்லத்து முந்திரி ஆலை முதலாளிகள் பலர் எல்லை தாண்டி நம் மாவட்டத்துக்கு வந்ததற்கு, இங்கே கூலி குறைவு என்பது முக்கியக் காரணம். குறைந்த கூலியை நாடி வந்த தொழில், அதைவிடக் குறைந்த கூலியை நாடிப் போகவும் கூடும் என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த அச்சத்துக்காகப் பெண்களின் கூலியை அப்படியே நிறுத்திவைப்பதை ஏற்க மாட்டேன். எந்த மாநிலமும் கீழே இறங்க முடியாத அடித்தள ஊதியத்தை ஒன்றிய அரசு நிர்ணயிக்க 2019 சட்டம் இடம் தருகிறது. அதை வாழத் தக்க அளவில் நிர்ணயிக்கச் செய்வதே இந்தப் போட்டியைத் தடுக்கும் வழி.

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்துக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். மாதம் 1,000 ரூபாய் அவளுக்கும் உண்டா? – வாசகி, குலசேகரம்

உண்டு. நீங்கள் கேட்கும் அந்த 1,000 ரூபாயைத் தரும், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டுமே இருந்தது. உதவிபெறும் பள்ளிகள் நிறைந்த நம் மாவட்டத்தில் அது பல ஏழைப் பெண்களை வெளியே நிறுத்தியது. பின்னர்தான் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. கல்லூரியில் இதற்கெனப் பொறுப்பில் உள்ள ஆசிரியரிடம் பள்ளிச் சான்றுகளையும், மகளின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு விவரத்தையும் கொடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி எனக்கு அனுப்புங்கள்.