இணைய வானொலியில் அடுத்த பாட்டை யார் தீர்மானிக்கிறார்கள்?

"இணைய வானொலியில் அடுத்து என்ன பாட்டு என்பதை ஆள் முடிவு செய்கிறாரா, கணினி குலுக்கிப் போடுகிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நண்பர்கள் மூவர் சேர்ந்து ஒரு சிறிய தமிழ்த் திரையிசை வானொலியை இணையத்தில் நடத்துகிறோம். பாட்டை எடுத்துப் போடுவது மென்பொருள்தான். ஆனால் அதற்கு நாம் எதையெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறோம் என்பதில்தான் வானொலியின் உயிரே இருக்கிறது.

எங்களிடம் இருப்பது அசுராகாஸ்ட் என்ற இலவச மென்பொருள். பாடல்களைப் பட்டியல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 25 வரை எடை கொடுக்கலாம். எடை கூடிய பட்டியலுக்கு அடிக்கடி முறை வரும். நிலையத்தின் பெயர் சொல்லும் ஜிங்கிளை இத்தனை பாட்டுக்கு ஒருமுறை என்று தனியே அமைத்துவிடலாம். பட்டியல்களைப் பத்தாண்டு பத்தாண்டாகப் பிரிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. இளையராஜா வந்த 1976க்கு முந்தையவை, அங்கிருந்து ஏ.ஆர்.ரகுமான் வந்த 1992 வரை, அதற்குப் பிந்தையவை என்று பிரித்தோம். தமிழ்க் காதுக்கு ஓசை மாறிய இடங்கள் இவைதாம்.

ஒரே கலைஞர் அடுத்தடுத்து வராமல் இயன்றவரை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். முதலில் நிறுவும்போது அந்த இடைவெளி 120 நிமிடமாக இருக்கும். இங்கேதான் தமிழ்ப் பாட்டு முரண்டு பிடிக்கிறது. பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர், படம், திரையில் நடித்தவர் என்று நம் பாட்டுக்கு ஐந்து பெயர்கள். பாடல் கோப்பில் பெயர் எழுதும் "கலைஞர்" என்ற கட்டமோ ஒன்றுதான். கேட்பவர் முதலில் அடையாளம் காண்பது குரலைத்தான் என்பதால், நெடுநேரம் விவாதித்துப் பாடகர் பெயரையே அதில் வைத்தோம்.

அப்படியும் ஒரு மாலை எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடிய நான்கு பாடல்கள் வரிசையாக வந்தன. கோப்புகளைத் திறந்து பார்த்தேன். ஒன்றில் முழுப் பெயர், ஒன்றில் மூன்றெழுத்து, ஒன்றில் அந்த மூன்றெழுத்துக்கிடையே புள்ளிகள், இன்னொன்றில் எழுத்துப்பிழை. மென்பொருளுக்கு அவர்கள் நான்கு வெவ்வேறு பாடகர்கள்! அன்றிரவு தொடங்கி, கைவசமிருந்த மூவாயிரம் பாடல்களின் பெயர்களையும் ஒரே மாதிரி எழுதி முடிக்க இரண்டு மாதம் ஆனது. பெயர்கள் சரியானதும் எதிர்ப்பக்கச் சிக்கல் தலைகாட்டியது. எண்பதுகளின் பாடல்களில் 120 நிமிடத்துக்கு ஒருமுறைதான் எஸ்.பி.பி. வர வேண்டுமென்றால், மென்பொருள் பாட்டுக்கு எங்கே போகும்? இடைவெளியை 30 நிமிடமாகக் குறைத்தோம்.

ஒலியளவைச் சமன்செய்வதையும் விட்டுவிடாதீர்கள். அறுபதுகளின் இசைத்தட்டுப் பதிவுக்குப் பின் புதிய பாட்டு வந்தால் நேயர் திடுக்கிட்டுப் போவார்.

நேரம்தான் எங்களை மிகவும் படுத்தியது. சென்னையில் இரவு 10 மணிக்கு மெல்லிசை வைத்தால், கோடைக்காலத்தில் நியூஜெர்சியில் அது பகல் 12.30. அவர்களுடைய இரவு 10 மணியோ நமக்குக் காலை 7.30, பக்திப் பாடல் வேளை. கடைசியில் இரண்டு அலைவரிசைகளாகப் பிரித்து, அமெரிக்க நேயர்களுக்கான அட்டவணையை நியூயார்க் நேரத்தில் அமைத்தோம். குளிர்காலத்தில் அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்தாலும் மென்பொருளே சரிசெய்துகொள்கிறது.

அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ், ஒவ்வொரு உரிமையாளரிடமும் தனித்தனியே கேட்காமல் பாடல்களை ஒலிபரப்ப வழிசெய்யும் உரிமத்துக்கென்று தனி விதிகள் உண்டு. 3 மணி நேரத்துக்குள் ஓர் ஆல்பத்திலிருந்து 3 பாடல்களுக்கு மேல் போடக் கூடாது. எந்தப் பாட்டு எப்போது வரும் என்று முன்கூட்டி வெளியிடவும் கூடாது. நமக்கு ஆல்பம் என்றால் படம். அதனால் ஒரே படத்தின் எல்லாப் பாடல்களையும் தொடர்ந்து ஒலிபரப்பும் எங்கள் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி அமெரிக்க அலைவரிசையில் மட்டும் கிடையாது.

நீங்களும் தொடங்குவதாக இருந்தால் ஐந்நூறு பாடல்கள் போதும். முதல் ஒலிபரப்புக்கு முன்பே அத்தனை பெயர்களையும் உங்கள் கையால் எழுதிவிடுங்கள்.