படுவான்கரைக் கிறவல் றோட்டுக்கு டபுள் சஸ்பென்சன் வேணுமா?

கல்லடியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். தினமும் டவுனுக்கு வேலைக்கு கியர் சைக்கிள்லதான் போறாராம், ரயர்ல 700க்கு 35 எண்டு இருக்காம். இப்ப வாவிக்கு மேற்கால படுவான்கரையில, வவுணதீவால உன்னிச்சைக் குளம் மட்டும் கிறவல் றோட்டுலயும் வாய்க்கால் கட்டுலயும் ஓடிப்பாக்க ஆசை. ஒரு ஆள் வந்து, உங்கட சைக்கிள் அதுக்கு சரிவராது, அதுல 29 இஞ்சி ரயர் ஏறாது, என்னட்ட ஜப்பான்ல இருந்து வந்த டபுள் சஸ்பென்சன் மவுண்டன் சைக்கிள் இருக்கு, முதல்ல அட்வான்சப் போடுங்க எண்டு நிக்கிறாராம். வாங்கலாமா?

வாங்க வேணாம் தம்பி. அட்வான்ஸ் ஒரு சதமும் போடாதீங்க.

டபுள் சஸ்பென்சன், அதாவது முன்னுக்கும் பின்னுக்கும் ஸ்பிரிங் வச்ச சைக்கிள், மலையில இருந்து கல்லுக்கு மேலால வேகமா இறங்குறவங்களுக்கு. நீங்க போற பக்கம் மலை எங்க இருக்கு, வயல் வட்டையும் குளக்கட்டும்தானே. மலிவு விலையில கிடைக்கிற டபுள் சஸ்பென்சன்ல இருக்கிறது வெறும் ஸ்பிரிங், அது துள்ளுறத அடக்க உள்ளுக்க ஒண்டும் இல்ல, நீங்க மிதிக்கிற மிதியில ஒரு பங்க அதே தின்னுரும், பாரமும் பதினெட்டு கிலோ மட்டும் வரும், பின் மூட்டுல இருக்கிற புஷ் தேஞ்சா இங்க சாமான் தேடி அலையணும்.

2022ல பெட்ரோல் லைன்ல நிண்ட காலத்துல சைக்கிளுக்கு விலை ஏறினதுல இருந்து இந்த புரோக்கர்மாரும் கூடிட்டாங்க. புது பெயின்ற் அடிச்சி, ஸ்டிக்கர் ஒட்டி, ஜப்பான் எண்டு சொல்லுவாங்க. ஹேண்டிலுக்குக் கீழ ரெண்டு குழாய் வந்து சேர்ற ஒட்டுல நகத்தால மெல்லமா இழுத்துப் பாருங்க, வெடிப்பு இருந்தா தலைமயிர் மாதிரி ஒரு கோடு நகத்துல தட்டும், ஓரத்துல துருவும் கசிஞ்சிருக்கும். சைக்கிளக் கவிட்டு பெடல் அச்சுக்கு அடியில நம்பரப் பாருங்க, சுரண்டியிருந்தா அது களவுச் சாமானா இருக்கலாம். மோட்டார் சைக்கிளுக்கு புத்தகம் கேட்டு மறிக்கிற நாட்டுல, சைக்கிள் கை மாறினா ஆர்ட சாமான் எண்டு கேட்க ஒரு ஆளும் இல்ல. அதாலதான் இவங்க இவ்வளவு துணிவா யாவாரம் செய்யிறாங்க.

இப்ப அந்த 29 கதை. அது சுத்தப் பொய். ரயர்ட பக்கத்துல சின்ன எழுத்துல 37-622 எண்ட மாதிரி ஒரு நம்பர் இருக்கும், பின்னால வாற மூண்டு இலக்கம்தான் றிம்முட அளவு. உங்கட 700உம் 622, 29உம் 622, ரெண்டும் ஒரே றிம். ஆனா ஒண்டு, றிம்முல ஏறுது எண்டதுக்காக உங்கட சைக்கிளுக்குள்ள போகும் எண்டு இல்ல. 29 எண்டு விக்கிறது பெரும்பாலும் ரெண்டு இஞ்சி அகலம், முன் போர்க்குக்குள்ள உரசும். அதால முதல்ல போர்க்கு இடைவெளிய அளவுங்க, ரயருக்கு ரெண்டு பக்கமும் அஞ்சாறு மில்லிமீட்டர் மிச்சம் நிக்கணும், பின்னுக்கு செயின் பக்கத்துலயும் அப்படித்தான், மட்கார்ட் இருந்தா கழட்டிட்டு அளவுங்க. கணக்குப் பாத்தா 40 மில்லிமீட்டர் அகல ரயர் அனேகமா போகும், மேல கட்டை கட்டையா பூ வச்சது. அது போதும். 26 இஞ்சி எண்டு கடையில கேக்கிறவங்க இன்னும் கவனம், பழைய லேடீஸ் சைக்கிள்ட 26 ஒண்டே காலே அரைக்கால் (26 x 1 3/8) 590, மவுண்டன் சைக்கிள்ட 26 559, ரெண்டுக்கும் பேர் ஒண்டு, ஒண்டு மற்றதுல ஏறவே ஏறாது. 26 எண்டா 26தான் எண்டு கடைக்காரர் தந்தா வாங்காம திரும்பிருங்க.

டவுன்ல கல்லு மாதிரி காத்தடிச்சி ஓடுறீங்க, கிறவல்ல அது வழுக்கும். 40 ரயருக்கு முன்னுக்கு 40, பின்னுக்கு 45 பிஎஸ்ஐ வைங்க. மணல் ஏத்துற டிப்பர் ஓடி ஓடி அந்த றோட்டெல்லாம் குழியும் புழுதியுமா கிடக்கு, எத்தனை தரம் சொன்னாலும் ஆரும் கணக்கெடுக்கிறாங்க இல்ல. குழியில சீற்ல இருந்து எழும்பி, முழங்கால மடிச்சி விடுங்க, முன் பிறேக்க அமத்தாதீங்க.

யானை விசயம் விளையாட்டு இல்ல. விடியக்காலம் இருட்டோட போகாதீங்க, நல்லா வெளிச்சம் வந்தாப்பிறகு வலையிறவுப் பாலத்தத் தாண்டுங்க, பின்னேரம் மூண்டு மணிக்குள்ள திரும்பிருங்க. ராவு யானை இறங்கினதா எண்டு வயலுகளப் பாக்கிற வட்டவிதானையிட்ட, இல்லாட்டி வாடியில காவல் நிண்ட ஆக்களிட்ட கேட்டுட்டுப் போங்க, யானை வேலிக் கம்பியத் தொடாதீங்க. ஜூன், ஜூலையில கச்சான் காத்து போகக்குள்ள முகத்துக்கு நேர அடிக்கும், ரெண்டு போத்தல் தண்ணி வேணும். நவம்பர்ல இருந்து ஜனவரி மட்டும் வெள்ளம், அந்தப் பக்கம் வேணாம். அம்பாறைப் பக்கம் போறதெண்டா கல்லோயா தேசியப் பூங்கா சும்மா சைக்கிள மிதிச்சிக்கிட்டு உள்ள போற இடம் இல்ல.

மிச்சம் பிடிக்கிற காசுல நல்ல ஹெல்மெட் ஒண்டு, ரியூப் ரெண்டு, ரயர் லீவர், கைப்பம்பு வாங்குங்க, நெருஞ்சி முள்ளு கட்டாயம் ஏறும். வீட்டுலயே ரெண்டு மூண்டு தரம் ரியூப் மாத்திப் பழகிட்டு, கூட ஒரு ஆளையும் கூட்டிக்கிட்டுப் போங்க.