புளித்துப்போகும் பீரும் ப்ளேட் சில்லரும்

வணக்கம் சார்,

வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறேன். முன்பெல்லாம் வோர்ட்டை, அதாவது ஈஸ்ட் போடுவதற்கு முந்தைய கொதித்த மால்ட் சாற்றை, குளிர வைக்கத் தாமிரக் காயில்தான் (பாத்திரத்துக்குள் இறக்கும் சுருள் குழாய்). ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. தகடுகளுக்கு இடையே ஒரு பக்கம் வோர்ட்டும் மறுபக்கம் குளிர்நீரும் ஓடும் ப்ளேட் சில்லருக்கு மாறியதிலிருந்து பீர் அடுத்தடுத்துப் புளித்துப்போகிறது. இத்தனைக்கும் முந்தின ராத்திரியே சில்லரை ஸ்டார் சானில் ஊறப் போட்டுவிடுகிறேன். இதைவிட வீரியமான சானிடைசர் ஏதாவது இருக்கிறதா? பிளீச் ஊற்றலாமா?

கே.

அன்புள்ள கே.,

பிளீச் வேண்டவே வேண்டாம். குளோரின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அரிக்கும், தாமிரத்தைக் கறுக்கடிக்கும். போதாததற்கு ஸ்டார் சான் ஓர் அமிலம். அது மிச்சமிருக்கும் இடத்தில் பிளீச்சை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் விளையாடுகிற விஷயமில்லை.

வீரியக் குறைவு என்று நீங்கள் நினைப்பதும் சரியில்லை. லிட்டருக்கு ஒன்றரை மில்லி கலந்த ஸ்டார் சான், சுத்தமான உலோகத்தின் மேல் ஓரிரு நிமிடங்களில் வேலையை முடித்துவிடும். உங்கள் சில்லரின் உள்பக்கம் சுத்தமாக இல்லை, அவ்வளவுதான். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) தூளும் புரதக் கசடும் தகடுகளின் இடுக்கில் காய்ந்து ஒட்டியிருக்கும்போது சானிடைசர் ஊற்றுவது, சேற்றுக் காலைக் கழுவாமல் மருந்து தடவுகிற மாதிரி. கசட்டுக்கு அடியில் இருக்கும், பீரைப் புளிக்க வைக்கிற லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவுக்கு ஒன்றும் ஆகாது. ராத்திரி முழுக்க ஊறப்போடுவதிலும் லாபமில்லை. பெரும்பாலான ப்ளேட் சில்லர்களில் தகடுகளைத் தாமிரம் வைத்துத்தான் பற்றவைத்திருக்கிறார்கள். அமிலத்தில் கிடந்தால் அந்தத் தாமிரம் கரையும்.

காயில் ஏன் படுத்தவில்லை? கொதி முடிய 15 நிமிடம் இருக்கும்போது அதைப் பாத்திரத்துக்குள் இறக்கியிருப்பீர்கள். கொதியே எல்லாவற்றையும் கொன்றுவிடும். மேலும் வோர்ட் படுவது காயிலின் வெளிப்பக்கத்தில்தான், அழுக்கு இருந்தால் கண்ணிலேயே பட்டுவிடும். மங்கிப்போய் உள்ளே போகும் காயில், பளபளவென்று வெளியே வருவதைப் பார்த்திருப்பீர்களே. வோர்ட்டின் லேசான அமிலத்தன்மை மேலே படிந்த ஆக்சைடைக் கரைத்துவிடுகிறது. அந்த அளவு பீருக்குள் போவதில் பயமில்லை. பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் மட்டும் வினிகர் போட்டுத் தேய்த்து, அலசிய பிறகே இறக்க வேண்டும்.

ப்ளேட் சில்லரைத் திறந்து பார்க்க வழியில்லை, வெளியே வருவதைத்தான் பார்க்க முடியும். வோர்ட் வெளியேறும் வாயில் வெந்நீர்க் குழாயை மாட்டித் தலைகீழாக ஓட்டுங்கள். வருகிற தண்ணீரை வெள்ளை பக்கெட்டில் பிடியுங்கள். பச்சைத் துணுக்குகள் மிதக்கும். கொஞ்ச நேரம் நேராக, கொஞ்ச நேரம் தலைகீழாக என்று மாற்றி மாற்றி ஓட்டினால் இன்னும் வரும். நின்றதும், 60 டிகிரி வெந்நீரில் பிபிடபிள்யூ (பீர் பாத்திரங்களுக்கான காரக் கழுவுதூள்) அல்லது சோடியம் பெர்கார்பனேட் கலந்து, பம்ப் வைத்து அரை மணி நேரம் சுற்றவிடுங்கள். நடுவில் ஒருமுறை திசையை மாற்றுங்கள். அப்புறம் நல்ல தண்ணீரில் அலசுங்கள். மறுபடி தலைகீழாக ஓட்டும்போது துணுக்கு வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அலுப்பான வேலை, மறுக்கவில்லை.

இந்த அலுப்பைக் குறைக்க ஒரே வழி, காய்ச்சிய அன்றே, வோர்ட் இறங்கிய கையோடு, கசடு ஈரமாக இருக்கும்போதே தலைகீழாக அலசிவிடுவது. காய்ந்தபின் அதே கசட்டோடு மல்லுக்கட்ட வேண்டும். ஹாப்ஸை வலைப்பையில் போட்டால், இல்லையென்றால் கொதி முடிந்ததும் வோர்ட்டைச் சுழற்றிவிட்டுக் கால் மணி நேரம் அடங்க விட்டால், சில்லருக்குள் போகிற குப்பை பெருமளவு குறையும். அலசி முடித்ததும் இரண்டு பக்கமும் நீரை வடித்துவிட்டு, உலர்வாக எடுத்து வையுங்கள்.

காய்ச்சுகிற அன்று எனக்குச் சானிடைசரைவிடக் கொதிதான் நம்பிக்கை. உங்கள் பம்ப் கொதிநிலையைத் தாங்கும் என்றால், கடைசி 15 நிமிடம் கொதிக்கும் வோர்ட்டையே சில்லர் வழியாகச் சுற்றவிட்டுப் பாத்திரத்துக்கே திருப்புங்கள். குளிர்நீர் மூடியிருக்கட்டும், ஆனால் நீர் வெளியேறும் முனை திறந்தே இருக்க வேண்டும். உள்ளே சிக்கிய தண்ணீரும் சூடாகும், அதற்குப் போக்கிடம் வேண்டும்.

சில்லர் மேலேயே பழி போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். அடுத்த முறை சில்லரிலிருந்து வெளியே வரும் வோர்ட்டில் கொஞ்சத்தை, கொதிநீரில் போட்டு எடுத்த சிறு பாட்டிலில் பிடித்து, ஈஸ்ட் போடாமல், மூடியை இறுக்காமல் வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். ஒன்றிரண்டு நாளில் கலங்கினாலோ குமிழி விட்டாலோ, கோளாறு சில்லரில், அல்லது அதற்குப் பின்னால் இருக்கும் குழாயில், வால்வில். வால்வைக் கழற்றி உள்ளேயும் தேயுங்கள், பலரும் அதைத் தொடுவதே இல்லை. மூன்று நாளாகியும் வோர்ட் அப்படியே இருந்தால், சில்லரை விட்டுவிட்டு பீர் நொதிக்கும் பாத்திரமான உங்கள் ஃபெர்மென்டரைச் சோதியுங்கள். பிளாஸ்டிக் என்றால் முதலில் உள்ளே கீறல் இருக்கிறதா என்று பாருங்கள்.